டைரக்டர் தூத்துக்குடி, எடிட்டர் கோயம்புத்தூர், நான் சாலிகிராமம்: டாகுமெண்டரிக்கு கலர் பண்றது எப்படி

உப்பளத்துல வேலை பாக்குறவங்க பத்தின 78 நிமிஷ டாகுமெண்டரி ஒண்ணுக்கு கலர் பண்ணி (கிரேடிங், அதாவது ஒவ்வொரு ஷாட்டோட நெறத்தையும் வெளிச்சத்தையும் சரி பண்றது) முடிச்சேன். டைரக்டர் அக்கா தூத்துக்குடியில, எடிட்டர் கோயம்புத்தூர்ல, நான் சாலிகிராமத்துல பத்துக்கு பன்னெண்டு ரூம்ல. மூணு பேரும் ஒரே ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தது ஆரம்பத்துல மூணு நாள், கடைசியில ரெண்டு நாள், அவ்ளோதான், நடுவுல ஆறு வாரம் எல்லாமே ஃபோன்லயும் லிங்க்லயும் ஓடுச்சு. சின்ன பட்ஜெட்ல படம் பண்ற நிறைய பேர் "முழுசா ரிமோட்லயே முடிச்சிடலாமா ப்ரோ, சென்னை வந்து தங்குற செலவு கட்டுப்படியாகாது"ன்னு கேக்குறாங்க. பாதி முடியும். எதை நேர்ல உக்காந்து பண்ணணும், எதை தூரத்துல விட்டா ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு மொதல்லயே பிரிச்சு வச்சுக்கலைன்னா ரெண்டு ரவுண்டுல முடியற வேலை ஆறு ரவுண்டு இழுத்து கடைசியில ரெண்டு பேருக்கும் மூஞ்சி குடுத்து பேச முடியாம போயிரும். நான் எப்படி பிரிச்சேன், எங்க சொதப்புனேன், ரெண்டையும் எழுதுறேன்.

நான் வேலை பாக்குறது டாவின்சி ரிசால்வ்ங்கிற சாஃப்ட்வேர்ல, அதை வச்சுதான் சொல்லப்போறேன். ஃப்ரீ வெர்ஷன்லயே கிரேடிங் டூல்ஸ் முக்கால்வாசி கெடைக்கும், ஆனா நாய்ஸ் ரிடக்ஷனும் (இருட்டு ஷாட்ல வர்ற புள்ளியைக் கொறைக்கிறது) ரிமோட் மானிட்டரிங்கும் ஸ்டுடியோ வெர்ஷன்லதான் இருக்கு. டாகுமெண்டரின்னா இருட்டுல எடுத்த ஷாட் இல்லாம இருக்காது, அதனால அந்த 295 டாலரை படத்தோட பட்ஜெட்லயே எழுதி வாங்கிடுங்க, ஒரு தடவை கட்டுனா போதும், மாசாமாசம் சந்தா எல்லாம் கெடையாது.

எடிட்டர்கிட்ட இருந்து என்ன வாங்கணும்

கலர்ல வர்ற பாதி பிரச்சனை கலர்ல இருந்து வர்றதே இல்ல, மெட்டீரியல் கைமாறுறப்பவே வந்துடுது. எடிட் லாக் ஆயிடுச்சு, இனிமே கட் மாறாதுன்னு எடிட்டர் சொன்னதும் அவர்கிட்ட நாலு விஷயம் கேளுங்க: டைம்லைனோட எக்ஸ்எம்எல் (எந்த கட் எங்க வருதுன்னு சொல்ற ஃபைல்), டைம்கோட் எரிச்ச (நேர நம்பர் படத்து மேலயே ஓடுற) ரெஃபரன்ஸ் வீடியோ, ஒரிஜினல் ஃபுட்டேஜ், அப்புறம் எடிட் சாஃப்ட்வேருக்குள்ள என்னென்ன எஃபெக்ட் போட்டிருக்காருன்னு ஒரு பேப்பர். கடைசி ஐட்டத்தை யாரும் தானா தரமாட்டாங்க, நீங்கதான் விடாம கேக்கணும். பிரீமியர்ல போட்ட வார்ப் ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் கொறைக்கிற எஃபெக்ட்) ரிசால்வுக்கு வராது, ஸ்பீட் ராம்ப் (ஷாட்டுக்குள்ள வேகம் மாத்துறது) வந்தாலும் ஃப்ரேம் தள்ளி வரும், ஸ்டில் போட்டோல ஜூம் பண்ணது வேற சைஸ்ல வந்து நிக்கும். ரெஃபரன்ஸ் வீடியோவை டைம்லைனுக்கு மேல வச்சு ஒவ்வொரு கட்டா ஒட்டிப் பாக்குறதைத் தவிர வேற குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியல, எனக்கு அதுக்கே ஒண்ணரை நாள் போச்சு.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. நிறைய சோனி கேமராவுல கார்டை ஃபார்மட் பண்ணா ஃபைல் பேர் மறுபடி சி0001னு ஆரம்பிக்கும். மூணு வருஷமா விட்டு விட்டு ஷூட் பண்ண படத்துல சி0001ங்கிற பேர்ல அறுபத்தி சொச்சம் ஃபைல் இருந்துச்சு, ரிசால்வ் ரீலிங்க் பண்றப்போ (டைம்லைனுக்கு ஒரிஜினல் ஃபைலைத் தேடி மாட்டுறப்போ) கையில கெடைச்ச சி0014ஐ எடுத்து மாட்டிடுச்சு. ஒரு பாட்டி பேசற இண்டர்வியூ வரவேண்டிய எடத்துல லாரியில உப்பு மூட்டை ஏத்துற ஷாட் வந்து உக்காந்திருக்கு, அது கண்ணுல பட்டுச்சு மாத்திட்டேன், ஆனா ஒரே எடத்துல ஒரே மாதிரி எடுத்த ரெண்டு ஷாட் மாறிப்போனா யாருக்குத் தெரியும்? ஷூட் பண்றப்பவே கார்டுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டர் பேர்ல தேதி, கேமரா, கார்டு நம்பர்னு போட்டு காப்பி பண்ணச் சொல்லுங்க, ரிசால்வ் செட்டிங்ஸ்ல ரீல் நேமை (கிளிப் எந்த கார்டுல இருந்து வந்துச்சுன்னு காட்டுற பேரை) ஃபோல்டர் பேர்ல இருந்து எடுக்கச் சொன்னா இந்த குழப்பம் பெருசா வராது.

ஒரிஜினல் ஃபுட்டேஜ் எப்படி வந்து சேரும்னா, சிரிக்காதீங்க, ஆம்னி பஸ் பார்சல்ல. படத்துல யூஸ் ஆன கிளிப் மட்டுமே 1.4 டிபி, அதை அப்லோட் பண்ணி டவுன்லோட் பண்ற நேரத்துல பஸ் கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு தடவை வந்துட்டுப் போயிடும். ஹார்ட் டிஸ்க்கை பழைய துண்டுல சுத்தி டிபன் பாக்ஸுக்குள்ள வச்சு அனுப்புனாரு எடிட்டர், அது அவர் ஸ்டைல். அனுப்புறதுக்கு முன்னாடி அதே டிஸ்க்குக்கு இன்னொரு காப்பி அவர்கிட்ட இருக்கணும், காப்பி பண்றப்போ செக்சம் (ரெண்டு காப்பியும் ஒண்ணுதானான்னு சரிபாக்குற நம்பர்) போட்டு காப்பி பண்ணணும், சும்மா இழுத்துப் போட்டா ஒரு ஃபைல் பாதியில நின்னிருந்தாக்கூட தெரியாது. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மெட்டீரியல் ஒரே ஃபோல்டர் அமைப்புல இருக்கிறது பின்னாடி ரொம்ப உதவும், அதை அப்புறம் சொல்றேன்.

ஃபோன்ல எடுத்த ஷாட் இருந்தா அதை மட்டும் தனியா பிரிச்சு வச்சுக்கோங்க. ஃபோன் வீடியோ ஃப்ரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, செகண்டுக்கு 25 ஃப்ரேமுக்கு மாத்தி ப்ரோரெஸ் (எடிட்டுக்கு ஏத்த வீடியோ ஃபார்மட்) ஆக்கிட்டு உள்ள கொண்டு வாங்க. ஐபோன் 12ல இருந்து வீடியோ ஹெச்டிஆர்ல (வெளிச்ச வித்தியாசத்தை அதிகமா பதியற முறை) பதிவாகலாம், அது தெரியாம ரெக் 709ன்னு (சாதா டிவிக்கான கலர் ஸ்டாண்டர்ட்) நெனச்சு டைம்லைன்ல போட்டா கலர் எல்லாம் கன்னாபின்னான்னு கெடக்கும், கேமராமேன் மேல பழி போடுவோம், பாவம்.

மொத மூணு நாள்: இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க

எவ்ளோ கஷ்டமானாலும் டைரக்டரை மொத மூணு நாளைக்கு நேர்ல வரவைங்க, இல்ல நீங்க லேப்டாப்பும் மானிட்டரும் தூக்கிட்டு அவங்க ஊருக்குப் போங்க. ஏன்னு ஒரு கதை சொல்றேன்.

அக்கா வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் வேலை காட்டி வைப்போம்னு மொத ரீலை (படத்தோட மொத பதினாறு நிமிஷத்தை) நானே பேலன்ஸ் பண்ணி வச்சிருந்தேன். ஒரு சீன்ல பாத்தியில தேங்கியிருந்த தண்ணி இளஞ்சிவப்பா இருந்துச்சு, கேமராமேன் வொயிட் பேலன்ஸை கோட்டை விட்டுட்டாரு போலன்னு நெனச்சு மெஜெண்டாவை எறக்கி எறக்கி கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணி ஆக்கி வச்சிருந்தேன், எனக்கே பெருமையா இருந்துச்சு. அக்கா வந்தாங்க, டீ குடிச்சாங்க, ஸ்கிரீனைப் பாத்தாங்க. "எய்யா, அந்த செவப்பை எங்கய்யா கொண்டு போட்ட?"ன்னாங்க. உப்பு கூடக் கூட அந்தத் தண்ணியில உப்புல மட்டுமே வாழற நுண்ணுயிர் பெருகி தண்ணியே செவந்து போகும், அங்க வேலை பாக்குறவங்களுக்கு அது தெனமும் பாக்குற நிறம், தண்ணி எந்தப் பக்குவத்துல இருக்குன்னு அதை வச்சே சொல்வாங்களாம். நான் தப்புன்னு நெனச்சு அழிச்சது அந்தப் படத்துல இருந்த உண்மை. ஸ்கோப்ல (நெறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து காட்டுற கிராஃப்) பாத்தா அது எரர்தான், ஊர்ல போய் நின்னு பாத்தா அதுதான் தண்ணி. இதை நான் தூரத்துல இருந்து லிங்க் அனுப்பியிருந்தா அக்கா தன்னோட ஐபேடுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிருப்பாங்க, நானும் படம் முழுக்க அதே மாதிரி கழுவி வச்சிருப்பேன்.

அதனால மொத நாள் எதையும் தொடாதீங்க. படத்தை முழுசா, லாகை (கேமரா வெளிறின மாதிரி பதியற ஃபுட்டேஜை) ரெக் 709 ஆக்குன சாதா கன்வர்ஷன்ல மட்டும் ஓட விட்டு, டைரக்டரை பேச விடுங்க, நீங்க பக்கத்துல உக்காந்து எழுதுங்க. அன்னைக்கு வெயில் எப்படி இருந்துச்சு, சுவர் என்ன கலர், அந்த அம்மா கட்டியிருந்த புடவை நெசமாவே அந்தப் பச்சையா, அங்க போயிருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவங்க ஃபோன்ல அதே நாள் எடுத்த போட்டோ இருந்தா வாங்கி வச்சுக்கோங்க.

ரெண்டாவது நாள் படத்துல இருந்து பத்து பன்னெண்டு ஃப்ரேம் பொறுக்குங்க. எங்க படத்துல விடிகாலை நாலு மணிக்கு நெத்தியில டார்ச் கட்டிட்டு உப்பு வாருற சீன், பத்து மணி வெயில்ல கண்ணு கூசுற அம்பாரம், வீட்டுக்குள்ள டியூப்லைட்ல நடக்குற இண்டர்வியூ, மழை நாள், பழைய டேப்ல இருந்து எடுத்த காட்சி, ட்ரோன் ஷாட், இப்படி ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு ஃப்ரேம். இந்தப் பன்னெண்டை மட்டும் ரெண்டு பேரும் சேந்து கடைசி வரைக்கும் கிரேட் பண்ணி ஸ்டில் எடுத்து கேலரியில வைங்க. மிச்சம் இருக்கிற எண்ணூத்தி சொச்சம் கட்டையும் இந்தப் பன்னெண்டுகிட்ட கொண்டு போய் சேக்கிறதுதான் நடு ஆறு வார வேலை, அதை தூரத்துல இருந்தே பண்ணலாம்.

அன்னைக்கே வார்த்தைகளையும் பேசி முடிச்சிடுங்க. "டல்லா இருக்கு"ன்னு ஒரு டைரக்டர் சொன்னா அது எக்ஸ்போஷர் கம்மின்னும் இருக்கலாம், கான்ட்ராஸ்ட் பத்தலைன்னும் இருக்கலாம், சாச்சுரேஷன் பத்தலைன்னும் இருக்கலாம், சமயத்துல சீனே போர் அடிக்குதுங்கிறதைக்கூட அப்படித்தான் சொல்வாங்க. ஒரே ஸ்டில்லை நாலு விதமா மாத்திக் காட்டி "நீங்க டல்லுன்னு சொல்றது இதையா அதையா"ன்னு கேட்டேன். அக்காவுக்கு டல்லுன்னா கான்ட்ராஸ்ட். "காயணும்"னு சொன்னா ஹைலைட்ல மஞ்சள் ஏறாம வெள்ளை கூசணும்னு அர்த்தம். இதை ஒரு நோட்டுல எழுதி வச்சது பின்னாடி எத்தனை ஃபோன் காலை மிச்சம் பண்ணுச்சுன்னு கணக்கே இல்ல.

மூணாவது நாள், கெளம்புறதுக்கு முன்னாடி, அக்காவோட ஐபேடை என் கேலிபரேட் பண்ண மானிட்டருக்குப் பக்கத்துல வச்சு, அதே பன்னெண்டு ஸ்டில்லை ரெண்டுலயும் போட்டுப் பாத்தோம். ட்ரூ டோன் ஆஃப், நைட் ஷிஃப்ட் ஆஃப், ஆட்டோ பிரைட்னஸ் ஆஃப், பிரைட்னஸ் பட்டை எந்த எடத்துல இருந்தா என் மானிட்டரோட ஒத்துப்போகுதுன்னு பாத்து அந்த எடத்தை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க. 12.9 இன்ச் எம்1 ஐபேட் ப்ரோவும் அதுக்கு அப்புறம் வந்த ப்ரோ மாடல்ல சிலதும் இருந்தா ஐபேட்ஓஎஸ் 16ல இருந்து ரெஃபரன்ஸ் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணா இந்த தலைவலி பாதி கொறையும். என் மானிட்டர் ரெக் 709, காமா 2.4 (நடு வெளிச்சம் எவ்ளோ இருட்டா தெரியணும்ங்கிற அளவு), 100 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு), வெள்ளை டி65ல (பகல் வெளிச்ச வெள்ளை) செட் பண்ணது, ரூம் சுவர் சாம்பல் கலர், மானிட்டருக்குப் பின்னாடி டி65 லைட். ஐபேட் அதோட நூத்துக்கு நூறு ஒத்துப்போகாது, அக்காவோடது ஒரு பொடி நீலம் தூக்கலா இருந்துச்சு. ஒத்துப்போகலைங்கிறது பிரச்சனையே இல்லைங்க, எந்தப் பக்கம் எவ்ளோ விலகியிருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதும். இதை நேர்ல பக்கத்துல பக்கத்துல வச்சாதான் பாக்க முடியும், அதுக்காகவே அந்த ட்ரெயின் டிக்கெட் காசு தகும்.

உப்பும் முகமும்

நோட் ட்ரீ (ரிசால்வ்ல கிரேடிங் படிகளை வரிசையா கோக்குறது) பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. கேமராவுக்கு ஒரு குரூப்: எஸ்-லாக்3 (சோனியோட லாக்) ஒண்ணு, ட்ரோன் ஒண்ணு, ஃபோன் ஒண்ணு, பழைய டேப் ஒண்ணு. குரூப்போட ப்ரீ-கிளிப்ல கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் போட்டு எல்லாத்தையும் டாவின்சி வைடு காமட்டுக்கு (ரிசால்வோட பொதுவான கலர் ஸ்பேஸ்) கொண்டு வாங்க, கிளிப் லெவல்ல பேலன்ஸ், டைம்லைன் லெவல்ல லுக்கும் ரெக் 709க்கு எறக்குறதும். இப்படி வச்சா பின்னாடி அக்கா "மொத்தமா கொஞ்சம் காயட்டும்"னு சொன்னா ஒரே எடத்துல மாத்துனா போதும், எண்ணூறு கிளிப்பை தொட வேண்டாம்.

வெள்ளை உப்புக்கு முன்னாடி கறுத்த முகம், இதை விட கஷ்டமான கான்ட்ராஸ்ட் கெடையாது. புதுசா கலர் பண்ற பையன்கள் பண்ற மொத தப்பு, உப்பை வேவ்ஃபார்ம்ல (வெளிச்சத்தை 0ல இருந்து 100 வரைக்கும் காட்டுற கிராஃப்) 100க்கு தூக்கிடுறது. அப்படித் தூக்குனா உப்பு பேப்பர் மாதிரி தட்டையா ஆயிடும், கல்லு கல்லா இருக்கிற அந்த டெக்ஸ்சர் போயிடும். நான் உப்போட உடம்பை 80, 85ல நிறுத்தி, ஈரத்துல சூரியன் பட்டு மின்னுற புள்ளிகளை மட்டும் 95க்கு மேல விட்டேன். அப்போதான் கண்ணு கூசுது. எல்லாமே வெள்ளையா இருந்தா எதுவுமே கூசாது.

ரெண்டாவது தப்பு முகத்துல. "ஃபேஸ் கொஞ்சம் பிரைட் பண்ணுங்க"ன்னு இந்த ஊர்ல கலர் ரூம்ல கேக்காத நாளே இல்ல, விளம்பரப் படம் பண்ணிப் பழகுன கை தானா முகத்துல ஒரு வட்டம் போட்டு தூக்கிடும். வெயில்ல முப்பது வருஷம் நின்ன முகம் அப்படித்தான் இருக்கும், அதை வெளுக்குறது படத்தையே பொய் ஆக்குறது, இது என் அபிப்ராயம், சண்டைக்கு வர்றவங்க வரலாம். வெக்டர்ஸ்கோப்ல (நெறத்தைக் காட்டுற வட்ட கிராஃப்) தோல் நிறக் கோடு யாரோட தோலா இருந்தாலும் கிட்டத்தட்ட அதே திசைதான், மாறுறது வெளிச்சத்தோட அளவு மட்டும். அதனால முகத்தோட ஹியூ (நெறம்) அந்தக் கோட்டுப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க, லுமினன்ஸை (வெளிச்சத்தை) வேவ்ஃபார்ம்ல 25ல இருந்து 35க்குள்ள விடுங்க, கண்ணுல ஒளி தெரியணும், கன்னத்துல வேர்வையோட பளபளப்பு தெரியணும். அது ரெண்டும் தெரிஞ்சா முகம் இருட்டா இருக்குன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான். ரொம்ப தேவைப்பட்டா முகத்தைத் தூக்காம பின்னாடி உப்பை ரெண்டு பாயிண்ட் எறக்குங்க.

பழைய டேப் காட்சியை நோண்டாதீங்க. இண்டர்லேஸை (பழைய டேப்ல அசைவுல தெரியற கோடு கோடான பிசிறை) ஒழுங்கா எடுத்துட்டு, கருப்பை சரி பண்ணிட்டு விட்டுடுங்க, ஷார்ப்பன் பண்ணா கேவலமா இருக்கும்.

நடு ஆறு வாரம்: லிங்க்ல

படத்தை பதினாறு நிமிஷம் மாதிரி அஞ்சு ரீலா பிரிச்சுக்கிட்டேன். ஒரு ரீலுக்கு மூணு நாள் வேலை, முடிச்சதும் 1080 ஹெச்.264ல 15 எம்பிபிஎஸ்ல ஒரு ஃபைல், ரெண்டு ஜிபிக்குள்ள வரும், மூலையில டைம்கோட் எரிச்சு ஃப்ரேம்.ஐஓவுல ஏத்திடுவேன், அக்கா நிறுத்தி நிறுத்தி அந்தந்த ஃப்ரேம்லயே கமெண்ட் எழுதுவாங்க. டாகுமெண்டரிக்கு இப்படி அவங்கவங்க நேரத்துல பாக்குறதுதான் சரியா வருது, லைவா உக்காந்தா ரெண்டு பேரும் ஒரே ஷாட்டை ஒரு மணி நேரம் உருட்டிட்டு இருப்போம்.

கமெண்டுக்கு மூணு கண்டிஷன் போட்டேன். ஒருத்தர் பேர்ல மட்டும்தான் கமெண்ட் வரணும், தயாரிப்பாளர், எடிட்டர், டைரக்டரோட ஃப்ரெண்டு எல்லாரும் என்ன சொல்லணுமோ அக்காகிட்ட சொல்லி அவங்க வடிகட்டி எழுதணும். ஒவ்வொரு கமெண்ட்லயும் பன்னெண்டு ஸ்டில்ல ஒண்ணோட நம்பர் இருக்கணும், "4ஆம் நம்பரை விட மஞ்சளா இருக்கு"ங்கிற மாதிரி. ரீலுக்கு ரெண்டு ரவுண்டு, மூணாவதுக்கு காசு. கடைசி கண்டிஷனை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, அன்பா பழகுறவங்ககிட்டதான் இது ரொம்ப முக்கியம்.

வாட்ஸ்அப்ல ஸ்டில் அனுப்பாதீங்க, போட்டோவா அனுப்புனா அது நசுக்கித் தள்ளிடும், அனுப்பியே ஆகணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க. மேக்ல பாக்குறவங்க குயிக்டைம்ல ஓட்டி "வெளிறிப் போயிருக்கு"ன்னு சொன்னா பதறாதீங்க, 709ன்னு டேக் பண்ண ஃபைலை மேக் கிட்டத்தட்ட 1.96 காமாவுல காட்டும், நீங்க 2.4ல பாத்திருப்பீங்க, அதனாலதான் தூக்கித் தெரியுது. ரிசால்வ்ல ரெண்டர் பண்றப்போ ரெக் 709-ஏன்னு ஒரு டேக் இருக்கு, மேக்ல பாக்குற ரிவ்யூ காப்பிக்கு மட்டும் அதைப் போடுங்க, மாஸ்டருக்கு (கடைசியா குடுக்குற மூலக் காப்பிக்கு) போட்டுடாதீங்க.

இவ்ளோ பண்ணியும் மூணாவது ரீல்ல அடி விழுந்துச்சு. ராத்திரி பத்தரைக்கு அக்கா ஃபோன், "தம்பி, ரீல் முழுக்க மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே". நானும் ரெண்டு மணி நேரம் உக்காந்து எல்லா சீனையும் குளிர வச்சு மறுபடி ஏத்துனேன். காலையில எட்டு மணிக்கு மறுபடி ஃபோன், "இப்ப என்னய்யா ஊட்டி மாதிரி இருக்கு". அப்புறம் தோண்டிப் பாத்தா, அவங்க பையன் ராத்திரி படிக்க ஐபேடை எடுத்தவன் நைட் ஷிஃப்ட் போட்டு வச்சிருக்கான், சாயங்காலம் ஆனா தானா மஞ்சளாகும், காலையில தானா போயிடும். அன்னைல இருந்து ஒவ்வொரு ரீலுக்கும் முன்னாடி பத்து செகண்ட் சாம்பல் படிக்கட்டு பாரும் பன்னெண்டுல ரெண்டு ஸ்டில்லும் ஒட்டி அனுப்ப ஆரம்பிச்சேன். பாக்குறவங்க மொதல்ல அந்த ரெண்டு ஸ்டில்லைப் பாக்கணும், சென்னையில பாத்த மாதிரி தெரியலைன்னா ரீலைப் பாக்கவே கூடாது, எனக்கு ஃபோன் பண்ணணும். அதுக்கப்புறம் இந்த மாதிரி ஒரு ராத்திரிகூட வீணா போகல.

லைவ் செஷன் தேவைப்பட்டது ரெண்டே தடவை, விடிகாலை டார்ச் சீனுக்கு. ஜூம்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணி கலர் முடிவெடுக்காதீங்க, அது நெட்டுக்குத் தகுந்த மாதிரி படத்தை நசுக்கும், இருட்டு சீன்ல கருப்பெல்லாம் கட்டம் கட்டமா உடையும், அதைப் பாத்து ஒருத்தர் "நாய்ஸா இருக்கே"ன்னு சொல்வாங்க. பேச்சுக்கு ஃபோன், படத்துக்கு ரிசால்வோட ரிமோட் மானிட்டரிங், அப்படிப் பிரிச்சுக்கிட்டோம். ஸ்டுடியோ வெர்ஷன்ல செஷன் ஆரம்பிச்சா ஒரு கோடு வரும், அவங்க ஐபேட்ல டாவின்சி ரிமோட் மானிட்டர் ஆப்ல அந்தக் கோடைப் போட்டா என் மானிட்டர்ல ஓடுற படம் அங்க ஓடும். அப்லோட் ஸ்பீட் நல்லா இருக்கணும், வைஃபையை நம்பாம லேன் ஒயர் மாட்டுங்க. வசதி இருக்கிற படம்னா தனியா ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வாடகைக்குக் கெடைக்கும், எங்களுக்கு அதுக்கு வக்கில்லை.

எடிட்டர்கிட்ட அதே டிஸ்க் காப்பி இருக்குன்னு சொன்னேன்ல, அது இங்கதான் கைகுடுத்துச்சு. ரிசால்வ் 18 2022ல வந்தப்போ பிளாக்மேஜிக் கிளவுட்ல ப்ராஜெக்ட் லைப்ரரி வைக்கிற வசதி வந்துச்சு. ஃபுட்டேஜ் அவங்கவங்க டிஸ்க்ல, ப்ராஜெக்ட் மட்டும் கிளவுட்ல, ஒருத்தர் ஒரு பின்னை (ப்ராஜெக்ட்டுக்குள்ள இருக்கிற ஃபோல்டர்) திறந்தா மத்தவங்களுக்கு அது லாக் ஆகும், அதனால ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் அழிக்க முடியாது. எழுத்துப் பிழை, பேர் கார்டு மாத்துறது இதெல்லாம் கோயம்புத்தூர்ல இருந்தே அவர் பண்ணிட்டாரு. லாக் ஆன எடிட் மறுபடி தொறக்காதுன்னு நம்பாதீங்க, எங்களுக்கு இண்டர்வியூ குடுத்த ஒருத்தர் தன்னை எடுத்துடச் சொன்னாரு, நாலாவது ரீல்ல பதினாலு ஷாட் மாறுச்சு. புது டைம்லைனைக் கொண்டு வந்து கலர்ட்ரேஸ் ஓட்டுனா பழைய கிரேடை அந்தந்த கிளிப்புல தானா ஒட்டிடும், அது கண்டுபிடிக்காத புது ஷாட்டை மட்டும் கையில பண்ணேன்.

கடைசி ரெண்டு நாள்

அக்கா மறுபடி வந்தாங்க. இப்போ மொத வேலை, ஐபேடை உள்ள வைக்கச் சொல்றது. ரூமை இருட்டாக்கி, கண்ணு பழக அஞ்சு பத்து நிமிஷம் சும்மா பேசிட்டு இருந்துட்டு, படத்தை நிறுத்தாம ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம். நிறுத்தணும்னு கை பரபரக்கும், நிறுத்தாதீங்க, டைம்கோடை மட்டும் குறிச்சுக்கோங்க. தனித்தனி ரீலா பாத்தப்போ தெரியாத விஷயம் அப்போதான் தெரியும், எங்களுக்கு ரெண்டாவது ரீல் முடிவும் மூணாவது ரீல் ஆரம்பமும் வேற வேற படம் மாதிரி இருந்துச்சு, நான் நடுவுல ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன், திரும்பி வந்தப்போ கை கொஞ்சம் மாறியிருக்கு போல. மொத்தம் 43 குறிப்பு வந்துச்சு, பாதிக்கு மேல அரை பாயிண்ட், ஒரு பாயிண்ட் வேலைதான், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுச்சு. அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து கலர் பாக்காதீங்க, கண்ணு பொய் சொல்ல ஆரம்பிக்கும், வெளிய போய் மரத்தைப் பாத்துட்டு வாங்க.

ரெண்டாவது நாள் ஒரு ப்ரிவியூ தியேட்டரை ரெண்டு மணி நேரத்துக்கு எடுத்தோம். படம் தியேட்டர்லயோ விழாவுலயோ ஓடும்னா இதை விட்டுடாதீங்க. வீட்டு மானிட்டர்ல 100 நிட்ஸ், தியேட்டர் ஸ்கிரீன்ல 48 நிட்ஸ்தான், காமா 2.6, கலர் ஸ்பேஸும் வேற. கன்வர்ஷன் இதை கணக்குல சரி பண்ணிடும், ஆனா இருட்டு சீன் எவ்ளோ தெரியுதுங்கிறதை கணக்கு சொல்லாது. அந்த நாலு மணி சீன்ல என் மானிட்டர்ல தெரிஞ்ச கைகள் தியேட்டர்ல காணோம், டார்ச் வட்டம் மட்டும் மெதக்குது. அக்கா மெதுவா "இவங்க கையைத்தான்யா நான் எடுக்கப் போனேன்"னாங்க. டிசிபிக்கு (தியேட்டர்ல ஓட்டுற டிஜிட்டல் காப்பிக்கு) மட்டும் தனி டைம்லைன் போட்டு 11 ஷாட்ல ஷேடோவைக் கொஞ்சம் தூக்குனேன், டிவி, ஆன்லைன் மாஸ்டரைத் தொடல.

டிசிபி பண்றப்போ ஃப்ரேம் ரேட்டை விழாக்காரங்ககிட்ட கேட்டுக்கோங்க. நம்ம டாகுமெண்டரி பெரும்பாலும் 25ல எடுத்தது, 24தான் எந்த தியேட்டர்லயும் பயமில்லாம ஓடும், 24க்கு எறக்குனா 78 நிமிஷ படம் 81 நிமிஷத்தைத் தாண்டும், சவுண்டு, சப்டைட்டில் ரெண்டையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும், சவுண்டு இன்ஜினியர்கிட்ட கடைசி நாள் சொன்னா திட்டுவாரு. டிசிபி பண்ற டிசிபி-ஓ-மேட்டிக் சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கெடைக்குது, ஒழுங்கா வேலை செய்யுது.

மாஸ்டர் யூஹெச்டி ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ, 25 ஃப்ரேம்ல 78 நிமிஷத்துக்கு 430 ஜிபி பக்கம் வரும், எழுத்து இல்லாத காப்பி ஒண்ணும் சேத்து எடுத்து வைங்க, வேற மொழிக்குப் போறப்போ கேப்பாங்க. அதுகூட ப்ராஜெக்ட் ஃபைல், பன்னெண்டு ஸ்டில், அந்த வார்த்தை நோட்டோட போட்டோ, எல்லாத்தையும் ரெண்டு டிஸ்க்ல போட்டு ஒண்ணு நான் வச்சுக்கிட்டேன், இன்னொண்ணை அக்கா கையிலயே குடுத்துவிட்டேன். தூத்துக்குடி காத்துல ஆணியே துரு ஏறும்னு சொன்னாங்க, அதனால சிலிக்கா ஜெல் பாக்கெட்டு நாலு உள்ள போட்டு, எடிட்டரோட அதே டிபன் பாக்ஸ்ல.